நான் நின்ற இடம்

கிட்ட வந்து உட்காரு மனசே. மதகு ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஜமுனா டீச்சர் உட்காருகிற இடம், நாலு நாளாகக் காலிதான். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லப்போவதில்லை, உள்ளுக்குள்ளேயே சொல்கிறேன், நீ கேட்டுக்கொள், ஆனால் குதிக்காதே. நான் ஷூ கயிறு கட்டி முடிக்கிற வரைக்குமாவது குதிக்காதே. இடது கால் கட்டைவிரல் மரத்துக் கிடக்கிறது, கயிற்றை இறுக்கினேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை இப்படித்தான் ஒவ்வொரு விரலாக வாங்கிக்கொண்டு போகும், தினம் நடங்கம்மா, குளத்தைச் சுற்றி நடங்க என்று டாக்டர் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. செம்மாண்டான் குளத்தை ஒரு சுற்று சுற்ற நாலாயிரத்து இருநூறு எட்டு வைக்க வேண்டும். முதல் வருஷம் எட்டை மட்டும்தான் எண்ணினேன். இரண்டாம் வருஷம் எட்டு மறந்துபோய் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மில்லில் இருபத்தாறு வருஷம் ரிங் பிரேம் ஓட்டினவளுக்கு எங்கே எந்த நூல் அறுந்தது என்று திரும்பாமலே தெரியும், அந்தக் காது சும்மா கிடக்குமா. கோரைக்குள்ளே ஒன்று டிக்கு டிக்கு என்கும், தண்ணீர் மேலே ஒன்று ஊதும், நான் பேர் தெரியாமலே ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் வைத்திருந்தேன். ஒருநாள் இந்த டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர், கழுத்தில் பைனாகுலரும் கையில் புத்தகமுமாக நின்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார். அது புத்தகத்துல இல்லீங், அந்தா அந்த மூணாவது கோரைப் புதர்ல இருக்குதுங் என்றேன். திரும்பி என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். அப்புறம் புதரைப் பார்த்தார். அன்றையிலிருந்து நான் கேட்பேன், அவர் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். அவருடைய பழைய பைனாகுலர்தான் என் கழுத்தில் தொங்குகிறது. கெட்டிக்காரி. நான் பார்த்த பொம்பளைகளிலேயே கெட்டிக்காரி. அவ்வளவு கெட்டிக்காரிக்கு என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பார், அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

அதோ போகிறார், முப்பது எட்டு முன்னால், நீலச் சேலை, வெள்ளைத் தொப்பி, திரும்பிப் பார்க்காத முதுகு. நாளையிலேர்ந்து நான் முன்னாடியே கிளம்பிடுவேன் வேலாத்தா, வீட்டுல வேலை இருக்குது என்று போனில் சொன்னார். வேலை இருக்கிற ஆள் இதே ஆறே முக்காலுக்கு, இதே கரையில், எனக்கு முப்பது எட்டு முன்னால்தான் போகிறார். எழுந்திரு, நாமும் போவோம். கரையில் ஈரம் இருக்கிறது, ராத்திரி தூறியிருக்கும், செருப்பு மாட்டிய வாக்கிங் ஆள்கள் வழுக்கி வழுக்கிப் போகிறார்கள், ஒருத்தர் செல்போனில் சாமி பாட்டை சத்தமாக வைத்துக்கொண்டு போகிறார், அந்த சாமிக்கே காது வலிக்கும். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லி டீச்சரும் நானும் சிரித்திருப்போம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். கூடு பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது. நோட்டில்கூட எழுத மாட்டார், குஞ்சு இறங்கிப் போனபிறகுதான் எழுதுவார். எத்தனை கூடு பார்த்திருக்கிறோம், முக்குளிப்பான் கூடு, தாழைக்கோழி கூடு, யாருக்குச் சொன்னேன். பெற்ற மகளுக்குச் சொன்னேனா. ஆடிக் கடைசியில் சாய்ந்த வேலமரத்துக்கு நேரே, ஆகாயத்தாமரைக்குள் இலைக்கோழி முட்டை வைத்திருக்கிறதைப் பார்த்தபோது டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடி அவ்வளவு இறுக்கம். நீள வால், கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் பட்டு, இலை மேலே மிதக்கிற மாதிரி நடை. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இந்தக் குளத்துல வேலாத்தா என்றார். நாலு முட்டை, பித்தளைக் குண்டான் கறுத்த மாதிரி ஒரு நிறம், பம்பரம் மாதிரி ஒரு முனை கூர். பெட்டை முட்டையைப் போட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விட்டது, அதன் வழக்கம் அது. சேவல்தான் உட்காரும், சேவல்தான் வளர்க்கும். எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல, டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இருபத்தாறு நாள் உட்காரணும், அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேருக்குள்ள என்றார். இன்றைக்குப் பத்தொன்பது.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் குளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. சேவல் இலையில் உட்கார்ந்திருக்கிறது, இறக்கைக்கு அடியில் ஒரு முட்டை பளபளக்கிறது. போட்டவன் தினகர். பேக்கரி வைத்திருக்கிறான், நாற்பது வயது இருக்கும், பட்டாளத்துக்காரன் மாதிரி இலை போட்ட சட்டை, கையளவு வாயுள்ள லென்ஸ். படத்துக்குக் கீழே நன்றி வேலாத்தாம்மா என்று எழுதியிருந்தான், பக்கத்தில் ரெண்டு கும்பிடுகிற கை. நான் எழுத்துக்கூட்டி என் பேரைப் படித்தேன். ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் தவிர என் பேரை அச்சில் நான் பார்த்ததில்லை, பார்த்த அன்றைக்கு இந்த இடத்தில். உங்க பேரைப் போட்டிருக்கான் வேலாத்தா என்றார் டீச்சர். அவ்வளவுதான். ஏன் சொன்னீங்க என்று திட்டியிருந்தால் இல்லீங் என்று சொல்லியிருப்பேன். திட்டவில்லை. திட்டாமல் விட்டவருக்கு நான் எங்கே போய்ப் பதில் சொல்ல. அவனுக்கு நான் எதுவும் காட்டவில்லை, சத்தியமாகக் காட்டவில்லை, ஒருவேளை டீச்சரே எங்கேயாவது வாய் தவறி, சீ, அவர் செய்ய மாட்டார், அப்படி நினைத்ததற்கு உன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் மனசே. அவர் என்னை நினைத்தாரே. நினைத்தால் நினைக்கட்டும். இல்லை, நினைக்கக் கூடாது. போன மாசம் அந்த தினகர் சர்க்கரை போடாத பிஸ்கட் என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான், உங்களுக்குன்னே போட்டதும்மா என்றான். நான் தின்றேன். டீச்சருக்கும் ரெண்டு கொடுத்தேன். அந்த பிஸ்கட் இப்போது தொண்டையில் திரும்பி வருகிறது.

கேட்கிறதா, அதோ. பூனைக்குட்டி அழுகிற மாதிரி ஒரு குரல். மறுபடியும். புதுசாகக் கேட்கிறவர்களுக்கு அது இலைக்கோழிதான், எனக்கு அது போனில் ஓடுகிற ரெக்கார்டு. எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு தடவையும் மூணு கத்தல், ஒரே அளவு இடைவெளி, மூணாவது கத்தலுக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். எந்த ஊர்க் குளமோ, எந்த ஊர் நாயோ, எத்தனை தடவை போட்டாலும் அதே நாய். சேவலுக்கு நாய் கேட்காது. அதற்குக் கேட்பதெல்லாம் தன் இடத்துக்குள் இன்னொருத்தன் வந்துவிட்டான் என்பதுதான். எழும்பும். இறக்கையை விரித்துக்கொண்டு சுற்றும். விரித்த இறக்கை வெள்ளையாக வெயிலில் தெரியும், அந்தப் படத்துக்குத்தான் இத்தனை பாடு. சாய்ந்த வேலமரத்தடியில் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு, பதினோரு கேமரா முக்காலி, நான் எண்ணிவிட்டேன், எண்ணுகிற பழக்கம் போகுமா. டீச்சர் அவர்களைத் தாண்டிப் போகிறார், நிற்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. சேவல் மேலே சுற்றுகிறது, அதன் சொந்தக் குரல் வேறு மாதிரி, அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, இடைவெளி இல்லாமல். கீழே நாலு முட்டை வெறும் இலையில் வெயிலில் கிடக்கும். ஏழு மணி வெயில் ஒன்றும் செய்யாது, எட்டு மணி வெயில் செய்யும். அதற்கு முன்னால் காக்காய் செய்யும். வேலமரத்து உச்சியில் ஒரு காக்காய் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது, அதற்கு யாரும் போன் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

தினகரின் முக்காலியில் ஒரு காலை என் மரத்துப்போன காலால் ஒரு தட்டு தட்டினால் போதும், லென்ஸோடு தண்ணீருக்குள் போகும், எனக்கு வலிக்கக்கூடச் செய்யாது. தட்டவில்லை. தினகர் பக்கத்தில் போய் நின்று, சாமி, அந்தப் போனை நிறுத்து, அது முட்டை மேல உக்காரணும் என்றேன். ரெண்டே நிமிஷம்மா, ஒரே ஒரு பறக்கற ஷாட்டு என்றான், சிரித்துக்கொண்டே, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்தில் இருந்த இன்னொருத்தன், யாருங்க இந்தம்மா என்றான். இவங்கதாங்க கூட்டைக் கண்டுபிடிச்ச அம்மா என்றான் தினகர், பெருமையாக, தன் வீட்டு ஆளைக் காட்டுகிற மாதிரி. நான் உனக்குக் காட்டுனனா என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எங்கம்மா காட்டுனீங்க, நீங்களும் டீச்சரும் வாயே திறக்க மாட்டீங்களே, நான்தான் பாத்தேன் என்றான். அப்போதுதான் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். ஒரு வாரம் உங்க பின்னாடியே வந்தேம்மா. நீங்க தினம் இந்த மரத்துக்கிட்ட வந்தா நிப்பீங்க. வேற எங்கயும் அப்பிடி நிக்க மாட்டீங்க. பைனாகுலரைத் தூக்குவீங்க, இறக்குவீங்க, கையை எடுத்து வாயில வெச்சுக்குவீங்க. அப்பறம் யாராச்சும் வர்றாங்களான்னு ரெண்டு பக்கமும் பாப்பீங்க. அதான் நீங்க நின்ன எடத்துல நின்னு, நீங்க பாத்த பக்கம் பாத்தேன். உங்க காதும் கண்ணும் சும்மாவா. சொல்லிவிட்டு மறுபடி போனை அழுத்தினான். மூணு கத்தல், ஒரு நாய்.

நட. நில்லாதே, இங்கே நில்லாதே, நின்றதுதான் வினை. என் வாய் காட்டிக்கொடுக்கவில்லை, கால் காட்டிக்கொடுத்தது. ரெண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்தேனாம், ஆமாம் பார்த்தேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதானே பார்த்தேன். என் பக்கத்து பிரேம் ஓட்டின சின்னமணி இப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே போகிறாள். முப்பது வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள். மில்லில் மூணாவது ஷெட்டில் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் அவளைப் படுக்க வைத்தது நான்தான், அனலாகக் கொதித்தது உடம்பு, அவள் பிரேமையும் என் பிரேமையும் சேர்த்து ஓட்டினேன். மேஸ்திரி வந்து எங்கடி அவ என்றான். நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன். ஆனால் கண் போய்விட்டது, ஒரே ஒரு தடவை, அந்த மூட்டைப் பக்கம். அவன் என்னைக் கேட்கவே இல்லை அதற்கப்புறம், நேரே மூட்டைக்குப் போனான். அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். கேட் வழியாகப் போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள், நீ சொல்லிட்டியா அக்கா என்று கேட்கிற பார்வை, நான் இல்லை என்று தலையாட்டினேன், பிரேம் சத்தத்தில் தலையாட்டியது அவளுக்குத் தெரிந்ததோ என்னமோ. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. சொல்லாமலே சொல்லிவிடுகிற கண், நின்றே ஊரைக் கூட்டிவிடுகிற கால். கோபம் தினகர் மேலே இருந்து வழுக்கி என் மேலேயே வந்து உட்காருகிறது, போ, அவன் மேலேயே போ, அவன்தான் போனை அழுத்துகிறான், நான் இல்லை. கலுங்கு வந்துவிட்டது. தண்ணீர் மெலிசாக வழிகிறது. கலுங்குக்குக் கீழே சரளையில் ஒரு ஆள்காட்டிக் குருவி என்னைக் கண்டதும் கத்துகிறது. போன கோடையில் இதுதானோ இதன் சொந்தமோ என்னை அரை மணி நேரம் ஏமாற்றியது. சரளையில் முட்டை மேல் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தது, வயிற்றை அசைத்து அசைத்து, இறக்கையை லேசாக விரித்து. நான் பூனை மாதிரி நடந்து போனேன். எழுந்து போய்விட்டது, அங்கே ஒன்றுமில்லை, வெறும் கல். பார்த்தால் பத்தடி தள்ளி மறுபடி அதே மாதிரி உட்காருகிறது. அங்கேயும் போனேன். அங்கேயும் கல். டீச்சர் தூரத்தில் நின்றுகொண்டு, கூட்டுகிட்ட வரவிடாம அது உங்களைத் தள்ளிக் கூட்டிக்கிட்டுப் போகுது வேலாத்தா, நீங்களும் போறீங்களே என்று சிரித்தார்.

கூட்டிக்கிட்டுப் போகுது. நான் கலுங்கைத் தாண்டினேன். கரை அங்கே வளையும், வளைவுக்கு அப்புறம் சாக்கடை வாய்க்கால் குளத்தில் இறங்குகிற இடம், வேலமரத்திலிருந்து முந்நூறு எட்டு தூரம் இருக்கும். சம்புக்கோரை ஆள் உயரம். நாற்றம் தாங்காமல் வாக்கிங் ஆள்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடம். அங்கே நின்றேன். ஏழு வருஷத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. எப்படி நிற்பேன் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறானே. பைனாகுலரைத் தூக்கினேன். இறக்கினேன். கையை எடுத்து வாயில் வைத்தேன். அப்புறம் ரெண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் வந்துவிடக் கூடாதே என்று. மறுபடி தூக்கினேன். பைனாகுலருக்குள் கோரை, ஒரு பால் கவர், கோரை, யாரோ மாலை போட்டு விட்ட சாமி படத்தின் சட்டம், கோரை. முன்னால் போன டீச்சரின் வெள்ளைத் தொப்பி எதிர்க்கரையில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. நாற்றம் தலைக்கு ஏறியது. கால் ரெண்டும் மரத்தது, மரக்கட்டும். கண்ணை மட்டும் அந்தப் பால் கவரிலேயே வைத்திருந்தேன். கண்ணே, முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததை இன்றைக்குச் செய், ஆனால் நான் சொல்கிற பக்கம் செய். எவ்வளவு நேரம் நின்றேனோ. காலடி கேட்டது. ஈரமண்ணில் ரப்பர் அடி, ஜாக்கிரதையாக வைக்கிற அடி. என்னம்மா என்றான் தினகர், குசுகுசுவென்று. நான் திடுக்கிட்ட மாதிரி பைனாகுலரைச் சட்டென்று இறக்கினேன். ஒண்ணுமில்ல சாமி என்றேன். சத்தியமான வார்த்தை. ஒண்ணுமேயில்ல, நீ போ, உன் வேலையப் பாரு. அவன் போகவில்லை. என் பின்னாலேயே நின்று, நான் பார்த்த பக்கத்தையே பார்த்தான். சொல்ல மாட்டீங்களே என்று சிரித்தான். சொல்றதுக்கு என்ன இருக்குது, கோரைதான் இருக்குது என்றேன். அவன் போனை எடுத்து, மெதுவாக, இங்க வாங்க, என்னமோ இருக்குது, அந்தம்மா இடத்தை விட்டு நகர மாட்டேங்குது என்றான்.

வந்தார்கள். முக்காலிகள் ஒவ்வொன்றாக, சாக்கடை ஓரத்தில், சேற்றில் கால் பதிய. ஒருத்தன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டான். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அசையுதுங்க என்று இன்னொருத்தன் சொன்னான், காற்றில் கோரை அசைந்தது. என் கழுத்து வலித்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது, முதுகுக்குப் பின்னால் வளைவுக்கு அந்தப்புறம் அந்தக் காக்காய் என்ன செய்கிறது, இலையில் நாலு இருக்கிறதா, மூணா, ஒன்றுமே இல்லையா. திரும்பினால் போச்சு. ஒரே ஒரு தடவை போதும், இவன் அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு மறுபடி அங்கேயே போவான். கண்ணை அவனுக்குக் கொடுத்துவிட்டு காதை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். சேவல் கத்திக்கொண்டிருந்தது, அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. வாக்கிங் போகிறவரின் சாமி பாட்டு ஒரு தடவை அதை மூடிவிட்டுப் போனது. மறுபடி சேவல். அப்புறம் இடைவெளி. ஒரு கத்தல், தாழ்வாக, தண்ணீர் மட்டத்திலிருந்து. இன்னும் பெரிய இடைவெளி. அப்புறம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் அது கத்தாது, எனக்குத் தெரியும். ஆனால் ஓடிப்போனாலும் கத்தாது. முட்டை போய்விட்டது என்று தெரிந்த பிறகும் கத்தாது, அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஒன்றுமில்லாத சத்தத்தை வைத்துக்கொண்டு நான் நின்றேன், வெயில் பிடரியில் ஏறியது, ஏழே முக்கால், எட்டு, எனக்கே என் மேல் வந்த கோபம், இவன் மேல் வந்த கோபம், கேட்காமல் போன அந்த முதுகின் மேல் வந்த கோபம், எல்லாம் ஒரே சூடாகிவிட்டது.

பின்னால் இன்னொரு காலடி வந்தது. இடது அடி கொஞ்சம் அழுத்தமாக விழும், முழங்கால் வலிக்காக. ஒரு சுற்று முடித்து, மதகைத் தாண்டி, வேலமரத்தைத் தாண்டி வந்திருக்கிறார். அடி நின்றது. பதினோரு முக்காலியையும் என்னையும் சேர்த்து டீச்சர் பார்த்திருப்பார். இன்னொரு கூட்டையும் காட்டிவிட்டாள் என்று நினைப்பார், நினைக்கட்டும், நான் திரும்பப்போவதில்லை. என்ன வேலாத்தா என்றார், வகுப்பறைக் குரலில். ஒண்ணுமில்லீங் டீச்சர் என்றேன், பால் கவரைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அவர் மூச்சு கேட்டது. அவர் கோரையைப் பார்க்கிறார், சாக்கடையைப் பார்க்கிறார், இந்த இடத்தில் என்ன கூடு கட்டும் என்று அவருக்குத் தெரியாதா. தினகர் திரும்பி, டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க, உள்ள என்ன இருக்குது என்றான். முதல்ல அந்தப் போனை அணைச்சுப் பையில போடுங்க தம்பி, போன் சத்தம் கேட்டா வெளியவே வராது என்றார் டீச்சர். அணைத்தான். எல்லாரும் உட்காருங்க, நின்னா தெரியும். சேற்றில் உட்கார்ந்தார்கள், ஒவ்வொருத்தராக, அந்த இலைச் சட்டைகளோடு. ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதீங்க என்றார். அப்புறம் எனக்கு முன்னால் வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நாலு நாளுக்கு அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இடது கையைச் சேலை மடிப்போடு சேர்த்து வயிற்றில் வைத்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, கட்டைவிரலை மடக்கி நாலு விரலை நீட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து தோளோடு தோள் இடிக்க நின்று, பைனாகுலரைத் தூக்கி அந்தக் காலிக் கோரையைப் பார்த்தார், இறக்கினார், கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.